பெரிசு டு சின்னது

ஏப்ரல் 29, சனி

விடைத்தாள் திருத்தும் வேலை நேற்றோடு முடிந்தது. இனி ஜூன் வரை நான் தாவரவியல் ஆசிரியன் இல்லை, வீட்டில் இருக்கும் ஆள். ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. காரணம், டிவி.

அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயது தாண்டிவிட்டது. சாயங்காலம் ரிமோட்டைக் கையில் எடுத்தால் சத்தத்தை நூறில் வைத்துவிட்டுத்தான் கீழே வைக்கிறார். செய்தி விவாதத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவது, நம் கூடத்திலேயே நின்று கத்துவதுபோல் இருக்கிறது. அடுத்த வீட்டு அல்போன்ஸ் இன்று காலையில் கேட்டருகே நின்று, "சார், உங்க புண்ணியத்துல எங்க வீட்டு டிவிய வித்துரலாம்னு இருக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் எனக்கு மானம் போய்விட்டது.

போன மாதம்வரை அப்பாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. மங்கையும் நானும் பேச்சை நிறுத்திய அதே வாரத்தில்தான் இந்தச் செவிட்டுத்தனம் ஆரம்பித்தது. வயதானால் எல்லாம் திடீரென்றுதான் வரும்போலிருக்கிறது.

பேச்சு நின்றதற்கு நான் காரணமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். என் மனைவி மங்கையர்க்கரசி காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்திருக்கிறது, கிளை மேலாளராக. அவள் இதைப் பதவி உயர்வு என்கிறாள். திருச்சியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போனால் அதற்குப் பெயர் மாற்றல். பதவி, சம்பளம் எல்லாம் துணை விவரங்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் இதேபோல் ஒன்று வந்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். இந்த முறையும் வேண்டாம் என்றால் ஓய்வு பெறும்வரை இனிக் கிடைக்காதாம். மே பதினெட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவள் வந்து செய்தியைச் சொன்ன அன்று நான் கேட்டது ஒரே ஒரு நியாயமான கேள்வி. "அப்பாவுக்கு யார் சாப்பாடு போடுறது?" அதற்கு அப்பாவே குறுக்கே வந்து, "எனக்குத் தோசை வார்க்கத் தெரியும்பா" என்றார். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. ஆகவே நானும் பேசுவதில்லை.

வீடு என்னவோ நடக்கிறது. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே, "மாமா, கேஸ் புக் பண்ணணும்னு சொல்லுங்க" என்பாள். அப்பா என் பக்கம் திரும்பி, "கேஸ் புக் பண்ணணுமாம்" என்பார். "பண்ணியாச்சுன்னு சொல்லுங்கப்பா" என்பேன். "பண்ணிட்டானாம்" என்று அந்தப் பக்கம் திரும்புவார். எங்கள் குடும்பத்தில் இது பரம்பரை வழக்கம். அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டபோது நடுவில் நான் உட்கார்ந்து இதே வேலையைப் பார்த்திருக்கிறேன். இப்போது டிவியைத் தாண்டி இதையும் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 30, ஞாயிறு

தீர்வு கிடைத்துவிட்டது. மகன் புனேவுக்குப் போகுமுன் கீபோர்டு கற்றுக்கொண்ட காலத்து ஹெட்போன் பரணில் இருந்தது. இரண்டு காதையும் கிண்ணம்போல் மூடுகிற பெரிய சாமான். அப்பாவுக்கு அதை மாட்டிவிட்டால் டிவி சத்தம் அவருக்கு மட்டும் கேட்கும், ஊர் பிழைக்கும்.

ஒரே சிக்கல், ஹெட்போனின் பின் தடிமன், டிவியின் பின்பக்கத் துளை சின்னது. வெர்னியர் வைத்து அளந்தேன். பின் 6.35 மில்லிமீட்டர், துளை 3.5. தடிமனை ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு மறுபக்கம் மெல்லிசாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு உருப்படி வேண்டும். அரை மணி நேர வேலை.

மே 2, செவ்வாய்

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் சிங்காரத்தோப்புக்குப் போனேன். ஹெட்போனைக் கையோடு எடுத்துப் போகவில்லை. கத்தரிக்காய் வாங்கப் போகிறவன் கத்தரிச் செடியைத் தூக்கிக்கொண்டா போகிறான்? அளவு தெரியும், பெயர் சொல்லி வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. பெயர் என்று ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு.

முதல் கடைக்காரர், "பி தேர்ட்டி எய்ட்டா, ஈபியா?" என்றார். தடிமனான பின்னுக்கு பி-38 என்று பெயராம். முப்பத்தெட்டு என்ன அளவு என்று கேட்டேன். "அளவெல்லாம் இல்ல சார், பேரு" என்றார். இரண்டாவது கடையில் பி-38 என்றதும், "அதெல்லாம் பழைய ஆளுங்க சொல்றது. மைக் பின்னுன்னு கேளுங்க" என்றார்கள். எனக்கு மைக்கே வேண்டாம் என்றேன். மைக் இல்லாவிட்டாலும் அது மைக் பின்தானாம். மூன்றாவது கடையில் மைக் பின் என்றதும் வேறு எதையோ, மூன்று ஊசி உள்ள ஒரு பூதத்தை எடுத்துப் போட்டார்கள். அதற்குப் பெயர் கேனன். நான் கேட்பது கால் இஞ்ச்சாம். கால் இஞ்ச் என்றால் 6.35 தான், கணக்கு சரியாக வந்தது, சந்தோஷப்பட்டேன். "அதுல ஈபிக்கு வர்றது எங்ககிட்ட இல்லையே" என்றார். ஈபி என்பது மெல்லிய பின். அதையே அடுத்த கடையில் மூன்றரை என்றார்கள், அதற்கடுத்த கடையில் ஆக்ஸ். ஒவ்வொரு கடையிலும் முந்தைய கடைக்காரர் சொன்ன பெயரைச் சொன்னதும் ஒரு சிரிப்பு வேறு.

கடைசியாக ஒரு கடையில், "சார், நீங்க கேக்குறது இதுதான்" என்று ஒன்றை எடுத்து வைத்தார். பாக்கெட்டில் 6.5 என்று அச்சடித்திருந்தது.

"எனக்கு வேணும்கிறது ஆறு புள்ளி மூணு அஞ்சு" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"ஒண்ணுன்னா ஏன் வேற எழுதியிருக்கு?"

"எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க சார், யாரும் திருப்பிக் கொண்டாரல" என்றார். எல்லாரும் தப்பு செய்தால் அது சரியாகிவிடாது. வாங்காமல் வந்துவிட்டேன்.

மே 3, புதன்

நெருஞ்சிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கலாம். ஆனால் டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் என்று சொன்னால் உலகத்தில் எந்த மூலையிலும் அந்த முள்தான். ஒரு முள்ளுக்கு இருக்கும் மரியாதை இந்தப் பின்னுக்கு இல்லை.

அப்பா மூலமாகச் செய்தி: அவள் அலுவலகத்தில் பதில் கேட்டு நச்சரிக்கிறார்களாம். "அவ இஷ்டம்னு சொல்லுங்கப்பா" என்றேன். அப்பா சொல்லவில்லை. டிவி சத்தத்தை இன்னும் ஏற்றப் பார்த்தார். நூறுக்கு மேல் இல்லை.

மே 5, வெள்ளி

வேறொரு கடை. இந்த முறை அசல் பெயரெல்லாம் வேண்டாம், பாமர பாஷையில் கேட்போம் என்று, "பெரிசு டு சின்னது இருக்கா?" என்றேன். "தாராளமா" என்று கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் தடிமனான பின்னும் மெல்லிய துளையும். நேர் எதிர். போன் போட்டுக் கேட்டேன். "நீங்க பெரிய ஓட்டைல சின்ன பின்ன மாட்டப் போறீங்கன்னு நெனச்சேன் சார். எல்லாரும் அதுக்குத்தான கேப்பாங்க" என்றார். "அப்ப எனக்கு வேணும்கிறதுக்கு என்ன பேரு?" என்றேன். "அதுவும் பெரிசு டு சின்னதுதான் சார்."

போனை வைத்துவிட்டு, போகிற திசைக்கும் வருகிற திசைக்கும் ஒரே பெயர் வைக்கிறவர்களை என்ன செய்வது என்று எனக்குள் முனகினேன். "ரயில்வேயில வரும்போது அதே வண்டிக்கு வேற நம்பர் குடுத்துருவாங்கப்பா" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தச் சத்தத்தில் என் முனகல் அவருக்கு எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. உதட்டசைவைப் படிக்கிறார்போலும்.

மே 6, சனி

இந்தத் துறையில் நீட்டிக்கொண்டிருப்பது ஆண், குழிந்திருப்பது பெண். தாவரவியலுக்கு இது புதிதல்ல, ஆண்பூ பெண்பூ பார்த்தவர்கள்தான் நாம். ஆனால் அல்போன்ஸிடம் விசாரித்தால் குழப்பம் கூடுகிறது. அவர் மைத்துனர் மேடைகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர். மைத்துனர் கணக்கில் வயரின் நுனியில் இருப்பதெல்லாம் பின், பெட்டியில் இருப்பதெல்லாம் சாக்கெட், பெட்டியிலிருந்து ஆண் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது சாக்கெட்தானாம். ஒரே உருப்படியில் இரண்டு பாலும் இருந்தால் அவர் அதற்குப் பெயரே வைக்கவில்லை, "அந்தக் குட்டி" என்கிறார்.

மங்கை இன்று பழைய சேலைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று அப்பாவிடம் கேட்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். கேட்கச் சொல்லவில்லை.

மே 8, திங்கள்

இரண்டு நாள் உழைப்பு. இந்தப் பின்களுக்கு ஓர் இனங்காணும் அட்டவணை தயாரித்துவிட்டேன். செடியை அடையாளம் காண மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, இலை எதிரெதிராக இருந்தால் இந்தப் பக்கம் போ, மாறி மாறி இருந்தால் அந்தப் பக்கம் போ என்று, அதே முறை. நீட்டிக்கொண்டிருக்கிறதா, குழிந்திருக்கிறதா? விட்டம் ஐந்துக்கு மேலா, கீழா? வீட்டில் இருந்த பின்களை, தப்பாக வாங்கியதையும் சேர்த்து, உலர்செடி ஒட்டும் தாளில் ஒட்டிப் பெயர் எழுதினேன். தடியனுக்கு ஜாக்கஸ் கிராஸஸ், ஒல்லிக்கு ஜாக்கஸ் கிராசிலிஸ். அவ்வளவு திருப்தி எனக்குக் கல்லூரியில் பரிசு வாங்கியபோதுகூட இருந்ததில்லை.

மங்கை தாளை எட்டிப் பார்த்தாள். "மாமா, பின்னோட பேரு ரெடியாயிருச்சு, பின்னு எப்ப வரும்னு கேளுங்க" என்றாள். அப்பா கேட்காமலேயே எனக்குக் கேட்டது.

மே 9, செவ்வாய்

அந்த 6.5 கடைக்கே தாளோடு போனேன். கடைக்காரர் தாளை மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தார். "ஒரு பக்கம் கிராஸஸ் பெண், மறுபக்கம் கிராசிலிஸ் ஆண்" என்று விளக்கினேன். "சார், நம்ம கடைல ஏற்கனவே அஞ்சு பேரு. நீங்க ஆறாவது கொண்டாந்திருக்கீங்க" என்றார். போன வாரம் காட்டியது விற்றுப்போய்விட்டதாம், அதே வடிவத்தில் வேறொன்று கொடுத்தார். பாக்கெட்டே கிடையாது, எனவே தப்பான எண்ணும் கிடையாது. நிம்மதியாக வாங்கி வந்தேன்.

மாட்டியதும் டிவி அடங்கியது. வெற்றி என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தபோது அப்பா, "ஒரு பக்கம்தான் கேக்குது" என்றார். வலது காதில் ஒன்றுமே வரவில்லையாம்.

மே 10, புதன்

காரணம் தெரிந்துவிட்டது. அந்த உருப்படியின் பின்னில் கருப்பு வளையம் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு காதுக்கும் சத்தம் வருவதற்கு இரண்டு வளையம் வேண்டும். ஒற்றை வளையத்துக்கு மோனோ என்று பெயர், கடையில் யாரும் சொல்லவில்லை. மகரந்தத்தாளை எண்ணிக் குடும்பம் பிரிக்கிற நான் வளையத்தை எண்ணாமல் விட்டது எனக்கே அவமானமாக இருக்கிறது.

அப்பா அந்த அரை ஹெட்போனோடுதான் நேற்றும் இன்றும் உட்கார்ந்திருந்தார். விளைவு, செய்திப் போக்குவரத்தும் பாதியாகிவிட்டது. அவள் அவருடைய வலது பக்கம் நின்று, "நாளைக்கு ஆபீஸ்ல ஒரு விருந்து, நான் லேட்டா வருவேன், அவருக்கு உப்புமா செஞ்சு வெச்சிருக்கேன்னு சொல்லுங்க" என்றாள். அப்பா என் பக்கம் திரும்பி, "விருந்தாம்" என்றார். யார் வீட்டில் என்றேன். அதற்குள் விவாதத்தில் யாரோ வெளிநடப்பு செய்துவிட்டதால் அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். "யார் வீட்லன்னு கேட்டேனே" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "என் ஆபீஸ்ல" என்று அவளிடமிருந்தே நேராக வந்தது. சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், உள்ளே போய்விட்டாள்.

மே 12, வெள்ளி

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். அட்டவணையில் வளையத்தைச் சேர்த்தேன்.

மே 13, சனி

கடைக்குப் போகலாம் என்றிருந்தேன், வெயில். அட்டவணையைச் சுத்தமாக மறுபடி எழுத வேண்டியும் இருந்தது. அவசரப்பட்டு வாங்கித்தானே இரண்டு முறை ஏமாந்தோம்.

அடுப்படியில் மங்கை, பால் பாயசம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது, மாமாவுக்கு மட்டும் எடுத்து வைப்போம் என்று வேலைக்கார அம்மாவிடம் கிசுகிசுத்தாள். அடுத்த நிமிஷம் அப்பா டம்ளரோடு வாசற்படியில் நின்றார். மூக்கு மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கிறது அவருக்கு.

மே 15, திங்கள்

அலுவலகத்திலிருந்து வந்த மங்கை, கைப்பையிலிருந்து அந்த ஹெட்போனை எடுத்தாள். காலையில் அவள் அதை எடுத்துப் போனதையே நான் கவனிக்கவில்லை. கூடவே ஒரு பாக்கெட். அதே 6.5. டிவியின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய், ஹெட்போனைக் கடையில் வைத்து, "இது அதுல போகணும்" என்றாளாம். இதையும் அப்பாவிடம்தான் சொன்னாள். பின்னுக்குப் பெயர் எதுவும் கடைக்காரர் கேட்கவில்லையாம்.

வாங்கிப் பார்த்தேன். வளையம் இரண்டு. பின் கச்சிதமாக உள்ளே போனது. அச்சடித்த எண் தப்பு என்பதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.

மே 16, செவ்வாய்

முழு அமைதி. இப்படி ஒரு அமைதியை இந்த வீட்டில் நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா இரண்டு காதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரையில் வாய்கள் அசைகின்றன. அடுப்படியில் கரண்டி வைக்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்கிறது, மின்விசிறி சுற்றுவது கேட்கிறது.

சாப்பாட்டுக்கு அவள், "மாமா, அவர வரச் சொல்லுங்க" என்றாள். அப்பா திரும்பவில்லை. மறுபடியும் சொன்னாள். அப்பா காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல், கூப்பிடாத மாதிரியும் கூப்பிட்ட மாதிரியும் மெதுவாக எழுந்து போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். உப்பு கொஞ்சம் குறைச்சலாக இருந்தது. கேட்க ஆள் இல்லாததால் அப்படியே சாப்பிட்டேன்.

மே 17, புதன்

விளக்கு வைக்கும் நேரம். அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் மங்கை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் கடைசி நாள்" என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அவரப் பாக்காதீங்க. உங்ககிட்டதான் பேசுறேன்."

"அந்த பாக்கெட்ல ஆறரைன்னு போட்டிருக்கான் பாரு, அது உண்மையில..."

"நான் பின்னப் பத்திக் கேக்கல."

எனக்கு வேறு எதைப் பற்றி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. டிவி கத்திக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் எழுந்து சத்தத்தைக் குறைக்கப் போயிருப்பேன்.

"போன்னு சொல்லல, போகாதன்னும் சொல்லல. மாமாவுக்குச் சாப்பாடு யாருன்னு மட்டும் கேட்டீங்க. மாமா தோசை வார்ப்பாரு, ரசமும் வெப்பாரு. உங்களுக்கு என்ன? அதச் சொல்லுங்க."

"மாற்றல்னா எல்லாருக்கும் கஷ்டம்தான்..."

"பாத்தீங்களா. நான் முப்பது வருஷம் வேலை பாத்து மேனேஜர் ஆகியிருக்கேன். அதுக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வரல. மாற்றலாம்."

என்னையறியாமல் வந்துவிட்டது.

"சாயங்காலமானா நீ வர்ற நேரத்துக்கு நான் வாசல் கேட்டப் பாத்துக்கிட்டிருப்பேன். தினம். நீ பேசாம இருந்த இந்த நாள்லகூட. இனிமே அந்த நேரத்துல என்ன பண்றதுன்னு தெரியல மங்கை. பயமா இருக்கு."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொன்னா நீ போகமாட்ட. போன தடவ மாதிரி."

"சொல்லாததால நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சமைக்க ஆள் வேணும், அதுக்குத்தான் இந்த முகம்னு நெனச்சேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. "போயிட்டு வா. மேனேஜர்னா சும்மாவா" என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் அப்போது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

மே 18, வியாழன்

சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வற்றல்குழம்பு. உப்பு சரியாக இருந்தது, அதை அவளிடமே சொன்னேன்.

மே 27, சனி

பெட்டி வாங்கினோம். ஸ்டேஷனில் விசாரித்தால் பெர்த் உறுதியாகிவிடும் என்று அப்பா பழைய ஆட்களைப் பார்க்கக் கிளம்பினார். டிவி போடாமலேயே ஒரு சாயங்காலம் போனது. அல்போன்ஸ் வந்து, "டிவி ரிப்பேரா சார்?" என்று கவலையோடு விசாரித்தார்.

ஜூன் 4, ஞாயிறு

ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். வரும் வழியில் நானும் அப்பாவும் தோசை மாவு வாங்கினோம்.

ஜூன் 5, திங்கள்

பள்ளி இன்னும் திறக்கவில்லை. அப்பா தோசை வார்த்தார், முதல் இரண்டும் கல்லோடு ஒட்டிக்கொண்டன. சாயங்காலம் நான் வழக்கம்போல் கேட்டருகே போய் நின்றேன். பால்காரர் வந்தார், வேறு யாரும் வரவில்லை. உள்ளே வந்து போனை எடுத்தேன்.

"மாமாவுக்கு ஏதாவதா?" என்றாள் எடுத்ததும், பதறிப்போய். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்குக் காரணமில்லாமல் போன் செய்ததில்லை.

"இல்ல. அவர் நல்லா இருக்கார்."

"பின்ன?"

"சும்மாதான்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "சரி, சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவளிடமே சொல்லிவிட்டதால் இங்கே எழுத இன்று ஒன்றும் இல்லை.